ஒரே ஒரு துப்பாக்கிதான் என்றால் எது?

துப்பாக்கி மேல் கொஞ்சம் ஆர்வம் உள்ளவன் என்று தெரிந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார். ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், பறவை, முயல், பன்றி, மான், குறிசுடும் பயிற்சி, வீட்டுப் பாதுகாப்பு, காட்டுக்குள் போனால் ஒரு துணை, எல்லாம் அதிலேயே நடக்க வேண்டும், எதை வாங்கலாம்? கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒன்றை முடிவு செய்துவிட்டு, அதையே நம் வாயால் கேட்கத்தான் வருகிறார்கள். பரவாயில்லை. என் பதிலை ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் 12 போர் (bore, குழலின் அகல அளவு) பம்ப் ஆக்ஷன் ஷாட்கன், அதாவது குழலுக்கு அடியில் உள்ள பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்றும், ஒரே தோட்டாவில் பல சின்னக் குண்டுகளை அனுப்பக்கூடிய துப்பாக்கி. இது புதுசு இல்லை, பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி தப்பு என்பது என் எண்ணம், அதுவும் "குறி பார்க்கவே வேண்டாம், சுட்டால் எல்லாப் பக்கமும் சிதறும்" என்பது சுத்தப் பொய். சரியான காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த "எல்லாம்" என்ற பட்டியலைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். கடந்த ஓராண்டில் நீங்கள் துப்பாக்கியை உண்மையில் எதற்கு எடுத்தீர்கள் (அல்லது கையில் இருந்திருந்தால் எதற்கு எடுத்திருப்பீர்கள்) என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது காகிதக் குறி, பறக்கவிட்டுச் சுடும் களிமண் தட்டு, வயலில் மேயும் சின்னப் பிராணி, இவ்வளவுதான். ஆனால் கடையில் நிற்கும்போது மனதில் ஓடுவது கரடி. வாழ்நாளில் ஒருமுறைகூட வரப்போகாத அந்தக் கரடிக்காகப் பெரிய ரைஃபிளை வாங்கிவிட்டு, அதன் தோட்டா விலைக்கும் சுடும்போது தோளில் விழும் உதைக்கும் பயந்து ஆண்டுக்கு ஒரு பெட்டிகூடச் சுடாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய. அடிக்கடி நடக்கிற வேலைக்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்போதாவது வருகிற வேலையைத் தோட்டாவை மாற்றிச் சமாளிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான், மீதி எல்லாம் இதன் விளக்கம்.

கைத்துப்பாக்கியை முதல் சுற்றிலேயே வெளியே வைத்துவிடலாம். பிஸ்டலோ ரிவால்வரோ, அதன் ஒரே பெரிய பலம் இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்பது. மற்ற எல்லாவற்றிலும் அது நீளத் துப்பாக்கிக்கு இளைத்தது. தோளில் அண்டக்கொடுக்கக் கட்டை கிடையாது, குழல் குட்டை, நன்றாகச் சுடக் கற்றுக்கொள்ள நீளத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு நாள் ஆகும். பல நாடுகளில் கிடைக்கவும் கிடைக்காது, பிரிட்டனில் 1997 முதல் அநேகமாக முழுத் தடை. நாள் முழுக்க இரண்டு கையும் வேலையாக இருக்கிற ஒருவர், சட்டமும் இடம் கொடுத்தால், எடுத்துக்கொள்ளட்டும். எல்லாத்துக்கும் ஒன்று என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

.22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா போடும் ரைஃபிள் விஷயம் வேறு. இதை வெளியே வைக்கும்போது எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருக்கும். 1887 முதல் இருக்கிற தோட்டா, உலகத்தில் மிக அதிகமாகச் சுடப்படுவதும் மலிவானதும் இதுதான், சத்தம் குறைவு, உதை என்று சொல்லவே எதுவும் இல்லை. 1964-இல் வந்த ரூகர் 10/22 போன்ற ஒன்றைக் கையில் எடுத்தால் ஒரு மாலை முழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்கலாம், தோள் வலிக்காது, பையும் காலியாகாது. சுடத் தெரிய வேண்டுமென்றால் நிறையச் சுட வேண்டும், நிறையச் சுட .22 தான் தோது. 50 மீட்டருக்குள் முயலுக்குப் போதும். ஆனால் 2.6 கிராம் குண்டு நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் வேகத்தில் போவதைக் கொண்டு பன்றியையோ மானையோ சுடுவது அந்தப் பிராணியைக் காயப்படுத்தி ஓட விடுகிற வேலை, பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. பறக்கும் பறவையைச் சுடுவதும் நடக்காத காரியம், வானத்தை நோக்கிச் சுட்ட .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போய் எங்கேயோ விழும். பெரிய பிராணி பக்கமே போகப் போவதில்லை, காகிதமும் டப்பாவும் முயலும்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு .22 வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை.

அடுத்தது பெரிய ரைஃபிள். போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் பூட்டைக் கையால் இழுத்து மூடித் தோட்டா ஏற்றுவது), தோட்டா .308 வின்செஸ்டர் அல்லது 1906-இல் பிறந்த .30-06. இதற்குப் பின்னால் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் 1980களில் ஸ்கவுட் ரைஃபிள் என்று ஒரு கருத்தை முன்வைத்தார், ஒரு மீட்டர் நீளத்துக்குள், மூன்று, மிஞ்சினால் மூன்றரைக் கிலோவுக்குள், .308 தோட்டா, குறைந்த திறன் கொண்ட ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பது, ஒரே ஆள் ஒரே ரைஃபிளைக் கொண்டு கிட்டத்தட்ட எதையும் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஸ்டைர் நிறுவனம் அதை 1990களின் கடைசியில் செய்தும் விற்றது. கரடி நிஜமாகவே வரும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலும் இதே கதைதான். கனடாவின் வடக்கில் உள்ள ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகள் .303 லீ என்ஃபீல்டைத் தூக்கித் திரிந்துவிட்டு இப்போது .308 போல்ட் ஆக்ஷனுக்கு மாறியிருக்கிறார்கள். கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை முதல் உலகப் போர்க் காலத்து எம் 1917 ரைஃபிளையே நம்பியிருந்தது, உறைபனியில் சிக்காமல் வேலை செய்கிறது என்பதால். புதுசு புதுசாக எவ்வளவோ வந்த பிறகும், உயிர் போகும் இடத்தில் கையால் இழுத்து மூடும் போல்ட்டைத்தான் நம்புகிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆக, திறந்த வெளியில், 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மான் வகைகளைத்தான் பெரும்பாலும் சுடப் போகிறீர்கள் என்றால் போல்ட் ரைஃபிளை வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஏன் சொல்ல மாட்டேன் என்றால், முதலில் அதில் பறவை முடியாது. இரண்டாவது, முயலைச் சுட்டால் கறி மிஞ்சாது. மூன்றாவதுதான் பெரியது: தவறிப்போன .308 குண்டு நான்கு கிலோமீட்டர்கூடப் போகும். பின்னால் மண்மேடு இல்லாமல் அதைச் சுடவே கூடாது. வீடும் வயலும் கலந்து கிடக்கிற இடத்தில் அந்தப் பின்னணி எப்போதுமே கிடைக்காது. பறவைக்குப் போடும் சின்ன ஈயக் குண்டுகளோ 300 மீட்டருக்குள் தானாக விழுந்துவிடும்.

இப்போது ஷாட்கனுக்கு வருவோம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு தடிமனோ அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். ரைஃபிள் மாதிரி உள்ளே திருகு வரிகள் கிடையாது, வழவழப்பான அகலக் குழாய். அவ்வளவு அகலம் இருப்பதால் அதற்குள் எதை வேண்டுமானாலும் வைத்துத் தோட்டா செய்ய முடிகிறது. எட்டாம் எண் குண்டுகள் 28 கிராம் போட்டால் நானூறுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டேகால் மில்லிமீட்டர், களிமண் தட்டுக்கும் சிறு பறவைக்கும். நாலாம் எண் போட்டால் முயலுக்கும் பெரிய பறவைக்கும். டபுள் ஆட் பக்ஷாட் என்ற பெரிய குண்டுத் தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் குண்டுகள் ஒன்பது. ஸ்லக் என்றால் 28 கிராம் ஈயம் ஒரே கட்டியாக, நொடிக்கு 475 மீட்டர் வேகத்தில், குழல்வாயில் .308 அளவுக்குக் கிட்ட வரும் ஆற்றலோடு. ஆக, காலையில் பறவைக்குப் போன அதே துப்பாக்கி மாலையில் பன்றிக்குப் போகலாம், சட்டைப் பையில் இருக்கும் தோட்டா மட்டும் வேறு. நான் ஷாட்கனைச் சொல்வதற்கு இதுதான் காரணம், சிதறுகிறது என்பதற்காக இல்லை.

சிதறலைப் பற்றியும் பேசிவிடலாம். ஒரு அறையின் தூரத்தில் குண்டுகள் உங்கள் விரித்த கையின் அகலத்துக்குக்கூட விரியாது. ஏறக்குறைய ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது பழைய கணக்கு, அதுவும் குழல் முனையைக் குறுக்கும் சோக்கைப் பொறுத்தது. எனவே குறி பார்த்துத்தான் ஆக வேண்டும். தூரத்தில் விரிந்தாலும் அது நன்மை இல்லை, 40 கஜத்துக்கு மேல் குண்டுகளுக்கு இடையே இருக்கும் ஓட்டையில் பறவை தப்பிவிடும், அல்லது அடிபட்டுப் பறந்துபோய் எங்கேயோ சாகும். முன்னால் குறிபார்க்க ஒரு சின்ன உருண்டை மட்டும் வைத்த குழலில் ஸ்லக் 50 மீட்டர் வரைதான் நம்பகமானது, நல்ல குறிமுனை இருந்தால் 75, மிஞ்சினால் 100. எல்லாத்துக்கும் ஒன்று என்றால் எதிலுமே மிகச் சிறந்ததாக இருக்காது, தூரத்தைத்தான் இதில் விட்டுக்கொடுக்கிறோம்.

இன்னொரு விலை உதை. மூன்றரைக் கிலோ துப்பாக்கியில் முழு ஸ்லக் சுடும்போது தோளில் விழுவது அதே எடையுள்ள .308 தருவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. புதிதாகப் பழகுபவருக்கு முதல் நாளே இதைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சிரிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஆள் அதற்குப் பிறகு விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடுவார், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கு ஆகும். களிமண் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் 12 போரில் சுடுவது 24 கிராம் தோட்டாதான். அதில் பழகுங்கள், ஸ்லக் எப்போதாவது போதும்.

20 போர் நல்லதில்லையா என்று கேட்பார்கள். நல்லதுதான், துப்பாக்கி எடை குறைவு, சின்ன உடம்புக்காரர்களுக்குப் பிடிக்கும், முயல் பறவைக்கு யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 12 போரில் தோட்டா வகை அதிகம், எங்கே போனாலும் கிடைக்கும், 24 கிராம் போட்டு 20 போராகவே அதை நடத்தலாம், 20 போரை 12 ஆக்க முடியாது. இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கும்போது ஒரு ஆபத்தும் உண்டு. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் போனால் உள்ளே வழுக்கிச் சென்று குழலில் சிக்கி நிற்கும், வெளியே தெரியாது, அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே அளவுத் தோட்டா என்று இருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

ஏன் பம்ப்? தானாகத் தோட்டா மாற்றும் செமி ஆட்டோ உதையைக் குறைக்கும், வேகமாகவும் சுடும். ஆனால் அது வேலை செய்வது சுட்ட தோட்டாவின் சக்தியில்தான். மெல்லிய 24 கிராம் தோட்டாவும் கனமான ஸ்லக்கும் மாறி மாறிப் போட்டால் சில துப்பாக்கிகள் முரண்டு பிடிக்கும். பம்ப்புக்கு அந்தக் கவலை இல்லை, இழுப்பது உங்கள் கை, உள்ளே என்ன தோட்டா என்று அதற்குத் தெரியவே வேண்டாம். தோட்டாவை மாற்றித்தான் எல்லா வேலையும் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு எந்தத் தோட்டாவையும் முகம் சுளிக்காமல் விழுங்குகிற இயக்கம்தானே வேண்டும்? ரெமிங்டன் 870 என்ற பம்ப் 1950-இல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்றதற்குப் பாதிக் காரணம் இது. மாஸ்பெர்க் 500-உம் சளைத்ததில்லை, தவறிச் சுடாமல் தடுக்கும் அதன் சேஃப்டி மேலே கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இடதுகைக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பம்ப்பின் ஒரே குறை, பதற்றத்தில் பாதி இழுத்துவிட்டு நிறுத்தினால் அடுத்த தோட்டா ஏறாது. பழக்கம்தான் மருந்து.

சட்டம் இதையெல்லாம் தலைகீழாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு பம்ப் ஷாட்கன் சாதாரண உரிமத்தில் கிடைக்காது, தற்காப்பு என்பதை உரிமம் கேட்கக் காரணமாகவும் ஏற்க மாட்டார்கள். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் மேகசினில் (தோட்டா நிரப்பும் கூட்டில்) இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. ஜப்பானில் பத்து ஆண்டுகள் ஷாட்கன் வைத்திருந்த பிறகுதான் பொதுவாக ரைஃபிள் உரிமமே கேட்க முடியும், அங்கே இந்தக் கேள்விக்குப் பதிலை அரசாங்கமே சொல்லிவிட்டது. பம்ப் கிடைக்காத இடத்தில் இரட்டைக் குழல் துப்பாக்கி எனக்கு வெறும் இரண்டாம் தேர்வு இல்லை, சில விஷயங்களில் முதல் தேர்வு. மடக்கித் திறந்தால் காலியா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். இரண்டு விசை உள்ள பழைய மாதிரியில் ஒரு குழலில் பறவைக் குண்டும் இன்னொன்றில் ஸ்லக்கும் போட்டு வைத்து, எதிரே வருவதைப் பார்த்து விரலை மாற்றினால் போதும், பம்ப்பில் இது முடியாது.

இந்த யோசனையை இன்னும் நீட்டினால் ஜெர்மானியர்களின் டிரில்லிங்குக்கு வந்து சேர்வீர்கள், மேலே இரண்டு ஷாட்கன் குழல், கீழே ஒரு ரைஃபிள் குழல். அழகான பொருள், விலையும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை தன் விமானிகளுக்கே இதைக் கொடுத்து வைத்தது. இதில் எனக்குப் பிடித்தது சோவியத் விண்வெளி வீரர்களின் டிபி-82. 1965-இல் லியோனோவும் பெல்யாயெவும் வந்த விண்கலம் குறித்த இடத்தில் இறங்காமல் யூரல் பகுதிக் காட்டுப் பனிக்குள் விழுந்து, இரண்டு இரவு அங்கேயே கழித்தார்கள். ஓநாயும் கரடியும் உள்ள காடு, கையில் ஒரு சின்னப் பிஸ்டல். அந்த அனுபவத்துக்குப் பிறகு லியோனோவ் விடாமல் வற்புறுத்தி, 1980களில் மூன்று குழல் துப்பாக்கி ஒன்று விண்கலத்தில் ஏறியது, இரண்டு குழல் ஷாட்கன், ஒன்று ரைஃபிள், கழற்றினால் பின்கட்டையே வெட்டுக்கத்தி. எல்லாத்துக்கும் ஒன்று என்று உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்தவர்கள் செய்த பொருள். ஆனால் பாருங்கள், அதன் ஷாட்கன் தோட்டா அதற்கென்றே தனியாகச் செய்தது, வேறு எங்கும் கிடைக்காது. விண்வெளி வீரருக்கு அது பிரச்சினை இல்லை, நமக்குப் பிரச்சினை.

வீட்டுப் பாதுகாப்பு பற்றி நீளமாக எழுதப் பிடிக்கவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி பூட்டில் இருக்க வேண்டும், தோட்டா வேறு பூட்டில், இதில் பேரம் கிடையாது. அப்படிப் பூட்டி வைத்தால் நடுராத்திரி அவசரத்துக்கு உதவாதே என்றால், ஆமாம், உதவாது, முதலில் நல்ல கதவையும் தாழ்ப்பாளையும் வாங்குங்கள்.

ஒரே துப்பாக்கி உள்ளவனிடம் ஜாக்கிரதையாக இரு, அவனுக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சுடுவதே இல்லை, பத்து வைத்திருப்பவர்தான் வாராவாரம் மைதானத்தில் நிற்கிறார்.

சரி, வாங்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயம். குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், தோட்டா உட்காரும் அறை 76 மில்லிமீட்டர் என்றால் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் போடலாம், 70 அறையில் 76 தோட்டா போடக் கூடாது, பல பழைய துப்பாக்கிகளில் அறை 65 தான் இருக்கும். கழற்றி மாட்டும் சோக் உள்ளதாகப் பாருங்கள், நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு பல நாடுகளில் தடை, அமெரிக்காவில் 1991 முதலே, எஃகுக் குண்டு போடும்போது இறுக்கமான சோக்கைக் கழற்றிவிட்டு விரிந்த சோக்கை மாட்ட வேண்டும். ஸ்லக்குக்குக் குறிமுனை வைத்த குட்டைக் குழல் ஒன்றைத் தனியாக வாங்கலாம், இது கள்ளாட்டம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், துப்பாக்கி ஒன்றுதானே. பின்கட்டை நீளம் உங்கள் தோளுக்குப் பொருந்த வேண்டும், கண்ணை மூடித் தூக்கித் தோளில் வைத்துத் திறந்தால் குழலின் மேல் பார்வை நேராகப் போக வேண்டும். ஸ்கோப், விளக்கு, தோட்டா மாட்டும் பட்டை என்று வேறு எதையும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள்.

அந்தப் பணத்தில் காகிதச் சுருளும் தோட்டாவும் வாங்குங்கள். 40 கஜத்தில் பெரிய காகிதத்தைக் கட்டி, ஒவ்வொரு சோக்கிலும் சுட்டு, குண்டுகள் அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி 75 சென்டிமீட்டர் வட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். மிக இறுக்கமான ஃபுல் சோக்கில் 70 சதவீதம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும், நடுத்தரமான மாடிஃபைடில் 60, சோக்கே இல்லாத குழலில் 40 என்பது கணக்கு, உங்கள் குழல் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிறகு மூன்று நிறுவனங்களின் ஸ்லக்கை வாங்கி 50 மீட்டரில் சாய்மானம் வைத்துச் சுடுங்கள், ஒன்று நெருக்கமாக விழும், இன்னொன்று காகிதத்திலேயே படாமல்கூடப் போகும், ஏன் என்று துப்பாக்கிக்கே வெளிச்சம். நெருக்கமாக விழுந்ததை நாலைந்து பெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, குழலை எப்போதாவது மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.